பேழையுள் இருப்பது யார்? – எலிஸ் பீற்றர்சின் மடாலய மர்ம நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

இங்கிலாந்தின் மேற்கெல்லையிலே, வேல்ஸ் நாட்டு மலைகளுக்கு அணித்தாகச் செவேர்ண் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஷ்ரூஸ்பரி நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் கீழைப்புறத்தே, 1083ஆம் ஆண்டில், மொன்ற்கொமரி றொஜர் என்னும் நோர்மன் பிரபு புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுக்காக ஒரு மடம் நிறுவினான். நிலமும் ஆலைகளும் வருவாயும் அதற்கு நாளடைவிற் சேர்ந்தன. ஆயினும் ஐம்பதாண்டுகள் கழிந்த பின்னரும் அம்மடத்திற்கு ஒரு பெருங் குறை இருந்தது. வணங்குதற்குப் புனிதர் ஒருவரின் உடல் அங்கு இருக்கவில்லை.

இக்குறை எத்துணைப் பெரிது என்பதை இக்கால வாசகர் எளிதில் உணர்தல் அரிது. 787ஆம் ஆண்டில் நிசேயாவிற் கூடிய இரண்டாம் சங்கம், திருப்பண்டம் வைக்கப்படாமல் எந்த ஆலயமும் அபிஷேகம் செய்யப்படலாகாது என விதித்தது. புனிதரின் எலும்பு இருக்குமிடத்திற் புனிதரே இருக்கின்றார் என்பது அக்காலத்தாரின் துணிபு. அவர் அங்கு நோய் தீர்ப்பார். வழக்கில் துணை நிற்பார். மடத்தின் நிலத்தைக் கவர்ந்தவனைத் தண்டிப்பார். அவரை நாடி யாத்திரிகர் வருவர். யாத்திரிகரோடு காணிக்கையும் வரும். பக்தி எங்கே முடிகின்றது, வரவு செலவுக் கணக்கு எங்கே தொடங்குகின்றது என்று அக்காலத்து மடாதிபதி ஒருவரைக் கேட்டிருப்பின், அவர் வினாவையே விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆகவே திருப்பண்டங்கள் விலைக்கு வாங்கப்பட்டன, கொடையாகப் பெறப்பட்டன, களவாடவும் பட்டன. 828ஆம் ஆண்டில் வெனிஸ் வணிகர் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலைக் கொணர்ந்தபோது, முஸ்லிம் சுங்க அதிகாரிகள் தொடாதிருக்கும்பொருட்டு அதன்மேற் பன்றியிறைச்சியை இட்டு மூடினர் என்பது வெனிஸ் நகரத்தார் பெருமையோடு கூறும் கதை. 1087இல் பாறி நகர மாலுமிகள் மீறாவிலிருந்து புனித நிக்கலசின் எலும்புகளை எடுத்துச் சென்றனர். இத்தகைய களவுகளுக்கு ஒரு நியாயமும் வகுக்கப்பட்டிருந்தது. புனிதர் வல்லமை மிக்கவர். தம்மை எவரும் அசைக்க விரும்பாவிடின் அவர் அசையார். அவர் உடல் அசைந்ததாயின் அவர் இசைந்தார் என்பதே பொருள். களவு வெற்றி பெற்றமையே அது களவன்று என்பதற்குச் சான்றாகிவிடுகின்றது! வரலாற்றாசிரியர் பற்றிக் கியறி இப்பொருள் குறித்து எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. தற்செயலாக, அதற்கு ஓராண்டு முன்னரே ஆங்கிலப் பெண்மணி ஒருவர் இதே பொருளை ஒரு துப்பறியும் நாவலின் கருவாக்கியிருந்தார்.

ஷ்ரூஸ்பரி மடத்தின் குறையைத் தீர்த்தவர் அதன் துணை மடாதிபதியான றொபேட் என்பவர். இவர் கற்பனைப் பாத்திரமல்லர், வரலாற்றிற்கு உரியவர். 1137 அல்லது 1138ஆம் ஆண்டில் இவர் சிலருடன் வேல்ஸ் நாட்டினுட் சென்று, குவிதெறின் என்னும் சிற்றூரின் இடுகாட்டிலே அடங்கியிருந்த புனித வினிபிறெட்டின் எலும்புகளைத் தோண்டி எடுத்து மடத்திற்குக் கொணர்ந்தார். பின்னர் அப்புனிதையின் வரலாற்றையும், தாம் எலும்புகளைக் கொணர்ந்த கதையையும் தாமே இலத்தீனில் எழுதி, வூஸ்ரர் மடத்துத் துணை அதிபருக்கு அனுப்பினார். 1148இல் இவரே மடாதிபதியும் ஆனார்.

வினிபிறெட் ஏழாம் நூற்றாண்டினள் என்பது மரபு. கரடொக் என்னும் இளவரசனின் இச்சைக்கு இணங்க மறுத்தமையால் அவன் அவள் தலையை வெட்டினான். அவளின் மாமனாராகிய புனித பெய்னோ தலையை உடலோடு பொருத்தி அவளை உயிர்ப்பித்தார். தலை வீழ்ந்த இடத்தில் ஊற்றொன்று பெருகியது. அவ்வூற்றே ஹொலிவெல் எனும் யாத்திரைத் தலம். மீண்டெழுந்த வினிபிறெட் துறவு பூண்டு குவிதெறினிற் கன்னியர்க்குத் தலைவியாய் வாழ்ந்து அங்கேயே அடங்கினாள் என்பர். அவள் வேல்ஸ் மக்களின் புனிதை. அவள் பேசியதும் அவர்களின் மொழி. அவளைப் பெயர்த்துச் சென்றவர்களோ எல்லைக்கு அப்பாலுள்ள நோர்மன்–ஆங்கில மடத்தினர். றொபேட் எழுதிய வரலாற்றில் குவிதெறின் மக்கள் முதலில் மறுத்து, ஈற்றிற் புனிதையின் விருப்பத்தை உணர்ந்து இசைந்தனர் என்று காணப்படுகின்றது. குவிதெறின் மக்கள் எழுதி வைத்தது ஏதுமில்லை. வென்றவரின் கூற்று மட்டுமே எஞ்சும் இத்தகைய இடங்களிலேதான் நாவலாசிரியருக்கு வேலை இருக்கின்றது.

அந்நாவலாசிரியர் ஈடித் பாஜற்றர். 1913இல் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்திற் பிறந்து, தம் வாழ்நாளின் மிகப் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். இளமையில் மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கடற்படையின் மகளிர் பிரிவிற் சேவை செய்தார். செக் மொழி கற்று அம்மொழி இலக்கியங்களை ஆங்கிலத்திற் பெயர்த்தார். துப்பறியும் கதைகளுக்கு எலிஸ் பீற்றர்ஸ் என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். 1977ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்த நிலையில், ‘எலும்புகளில் ஒரு விபரீத நாட்டம்’ எனப் பொருள்படும் தலைப்போடு அவர் வெளியிட்ட நாவலிலே சகோதரர் கட்வைல் முதன்முதல் தோன்றுகின்றார். ஐம்பத்தேழு வயதினர், வேல்ஸ் நாட்டவர், சிலுவைப்போரிற் படைவீரராகவும் பின் மாலுமியாகவும் அலைந்து, நடுவயதில் மடம் புகுந்து, மூலிகைத் தோட்டத்தில் மருந்து காய்ச்சுபவர். மருந்துக்கடையில் நின்ற இளம்பெண்ணின் கைப்பழக்கம் நாற்பதாண்டுகளின் பின் ஒரு துறவியின் குடிசையிற் போய்ச் சேர்ந்தது போலும்.

மர்ம நாவலின் முடிச்சை அவிழ்த்துக் கூறுதல் நாகரிகமன்று. ஆயினும் இந்நாவலைப் பொறுத்தமட்டில் முடிச்சைக் கூறாது அதன் பெறுமதியைக் கூற இயலாது. கொலையாளி யார் என்பது இங்கு சிறிய செய்தி. கொலையாளியின் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதே பெரிய செய்தி.

றொபேட்டின் குழு குவிதெறினுக்குச் செல்கின்றது. வேல்ஸ் மொழி அறிந்தவர் என்பதாற் கட்வைலும் உடன் செல்கின்றார். ஊரின் பெரு நிலக்காரனாகிய றிசியார்ட் புனிதையைக் கொடுக்க மறுக்கின்றான். றொபேட் அவனுக்குப் பணப்பையை நீட்டுகின்றார். ஆங்கிலேயனுக்கு இது பேரம். வேல்ஸ் நாட்டவனுக்கோ இது தன் மானத்திற்கும் புனிதையின் மானத்திற்கும் இழைத்த அவமதிப்பு. இரு சமூகங்களின் மனப்பாங்கை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் துப்பறியும் இலக்கியத்தில் மிகச் சிலவே. மறுப்புக் கூறிய றிசியார்ட் காட்டினுள் அம்பு தைத்தவனாய் இறந்து கிடக்கின்றான். அம்பு எங்கெலார்ட்டினுடையது, அவன் றிசியார்ட்டின் மகள் ஷொனெட்டை விரும்பும் ஆங்கிலேய இளைஞன்.

உண்மையிற் கொலை செய்தவன் இளந் துறவியாகிய கொலம்பானுஸ். வலிப்பு வந்தவன்போல் வீழ்ந்து, தெய்வீகக் காட்சி கண்டதாய்க் கூறி, இப்பயணத்திற்கே காரணமானவன். புனிதையைக் கொணர்ந்த பெருமையை ஏணியாகக்கொண்டு உயரப் பார்த்தவன். புனிதை தன்னை உடலோடு விண்ணுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அனைவரும் கேட்கப் பிரார்த்திப்பவன். ஓர் இரவு, அவன் தனித்து விழித்திருந்து செபிக்கையில், ஷொனெட் புனிதையின் உருவில் தோன்றி அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்கின்றாள். தான் ஏமாற்றப்பட்டதை உணர்ந்து அவன் கத்தியோடு பாய்கின்றான். கைகலப்பில் எங்கெலார்ட்டின் கையில் அவன் கழுத்து முறிகின்றது.

கட்வைல் அவ்விரவிற் செய்வதே இந்நாவலின் உயிர். ஏலவே தோண்டி எடுத்துப் பேழையிலிடப்பட்டிருந்த புனிதையின் எலும்புகளை அவர் மீட்டெடுத்துக் குவிதெறின் மண்ணிலேயே மீண்டும் அடக்கம் செய்கின்றார். கொலையாளியின் உடலைப் பேழையுள் வைத்து முத்திரையிடுகின்றார். கொலம்பானுசின் அங்கியையும் செருப்பையும், அவன் அவற்றிலிருந்து எழுந்து சென்றாற்போல, தரையில் விட்டு மலரிதழ்களையும் தூவிவிடுகின்றார். விடிந்ததும் றொபேட் வந்து காண்கின்றார். அற்புதம் நிகழ்ந்தது என நம்புகின்றார். பேழை இசைப்பாக்களோடு ஷ்ரூஸ்பரிக்குச் செல்கின்றது. குவிதெறினில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர் சொல்லாமலே அறிந்துகொள்கின்றது.

வாசகன் சிரிக்கின்றான். எல்லோரும் விரும்பியது எல்லோர்க்கும் கிடைத்துவிட்டது. மடத்திற்குப் பேழை, ஊருக்குப் புனிதை, காதலர்க்கு வாழ்வு, விண்ணேற்பு வேண்டிய கொலம்பானுசுக்கு அப்பெயரும், அதற்கு மேலாக ஒரு பலிபீடமும். ஆயினும் நூலை மூடி வைத்தபின் ஓர் உறுத்தல் எஞ்சுகின்றது. ஒரு துறவி ஓரிரவுக்குள் மன்னனின் நீதிபதியாகவும் திருச்சபையின் ஆயராகவும் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். ஒரு மரணத்தை மறைத்தார். இனிமேல் அப்பேழையின் முன் முழந்தாளிடப்போகும் ஒவ்வொரு குருடனும் முடவனும் கொலையாளி ஒருவனின் உடலை நோக்கிக் கண்ணீர் விடுவான் என்பதை நன்கறிந்தும் அதைச் செய்தார்.

இந்நாவலோடு கதை முடிந்திருப்பின் அவ்வுறுத்தலை ஒரு நகைச்சுவையின் விலையெனத் தள்ளிவிடலாம். முதலில் ஆசிரியரின் எண்ணமும் அதுவே. தொடரொன்று எழுதும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் 1138ஆம் ஆண்டில் ஸ்ரீபன் மன்னன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைக் கைப்பற்றிக் காவலர் தொண்ணூற்று நால்வரைத் தூக்கிலிட்ட வரலாறு அவரை மீண்டும் அழைத்தது. அத்தொகையிடையே மேலதிகமாக ஒரு பிணத்தை ஒளித்து வைக்கலாமே என்னும் எண்ணத்திற் பிறந்தது இரண்டாவது நாவல் (1979). அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாக, சில ஆண்டுகளில் இரண்டாக, 1994 வரை மொத்தம் இருபது நாவல்கள் வெளிவந்தன. நூல்கள் வெளிவந்த காலம் பதினேழு ஆண்டு. கதையுட் கழிந்த காலம் 1137 மே மாதம் தொடக்கம் 1145 டிசம்பர் வரையிலான எட்டரை ஆண்டு. இவ்வளவு காலமும் அப்பேழை மடத்தின் ஆலயத்திலே, எல்லோர் கண்முன்னும், முத்திரை கலையாமல் இருந்தாக வேண்டும்.

தொடர்நாவல் எழுதுவோர் அனைவர்க்கும் பொதுவான ஓர் இடர் உண்டு. முதல் நூலில் விளையாட்டாக எழுதிய ஒரு வரி பத்தாம் நூலிற் சட்டமாகிவிடும். சேர்லொக் ஹோம்சின் தோழர் வற்சனுக்குப் போரிற் பட்ட காயம் ஒரு கதையில் தோளிலும் இன்னொரு கதையிற் காலிலும் இருப்பதை வாசகர் இன்றுவரை மன்னிக்கவில்லை. எலிஸ் பீற்றர்ஸ் இவ்விடரைப் பெரும்பாலும் ஆதாயமாக மாற்றிக்கொண்டார். முதல் நாவலிற் கட்வைல் தம் இளமையில் அறிந்த பெண்களை நினைவுகூரும் ஓரிடத்தில், அந்தியோக்கியாவில் வாழ்ந்த மரியம் என்னும் விதவையின் பெயர் போகிறபோக்கில் வருகின்றது. 1982இல் வெளியான ஆறாவது நாவலில், கிழக்கிலிருந்து வந்த ஒலிவியே என்னும் வீரன் தன் தாயின் பெயர் மரியம் என்கின்றான்; தமக்கு ஒரு மகன் உளன் என்பதைக் கட்வைல் அப்போதுதான் அறிகின்றார். பெண்களின் பட்டியலில் ஒரு பெயராக விழுந்த விதை ஐந்தாண்டுகளின் பின் முளைத்தது. இருபதாவது நாவலில் அம்மகனை மீட்பதற்காக அவர் மடாதிபதி வகுத்த எல்லையை மீறித் துறவற வாக்கையே பணயம் வைக்கின்றார்.

வரலாறும் அவரைக் கட்டுப்படுத்திற்று. முதல் நாவலில் மடாதிபதி ஹெறிபேட் இளகிய மனத்தினர். மடத்தை ஆள்வது றொபேட்டின் அதிகாரம். ஆனால் வரலாற்றில், 1138 இறுதியிற் பாப்பரசரின் தூதர் கூட்டிய சங்கத்தில் அம்மடாதிபதி பதவி நீக்கப்பட்டார். ஆகவே மூன்றாவது நாவலில் ஆசிரியர் அவரை இறக்கி றடுல்புசை ஏற்றவேண்டியதாயிற்று. தமக்கே அப்பதவி என எண்ணியிருந்த றொபேட்டின் ஏமாற்றத்தை எழுதுகையில் ஆசிரியர் மகிழ்ச்சியோடு எழுதியிருப்பார் என்றே தோன்றுகின்றது. வரலாற்று றொபேட் மடாதிபதியான 1148ஆம் ஆண்டுக்கு மூன்றாண்டு முன்னரே தொடர் நின்றுவிட்டது. அது வாசகர்க்கு ஆறுதல்.

ஆனால் பேழையின் புதிர் இவற்றினும் வேறுபட்டது. ஆண்டுக் கணக்கைத் திருத்தலாம், பாத்திரத்தை மாற்றலாம். பேழையைத் திறக்க முடியாது. வினிபிறெட்டின் தலம் ஷ்ரூஸ்பரியில் 1540இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்படும்வரை நிலைத்திருந்தது என்பது வரலாறு. எனவே நானூறு ஆண்டுகளுக்குப் பேழை மூடியே இருக்கவேண்டும் என்னும் கட்டளைக்குள் நின்றே ஆசிரியர் எழுதவேண்டியிருந்தது. நூலில் ஈயத்தகடு பொதிந்த உறுதியான பேழை பேசப்படுகின்றது. அது நாற்றத்தை அடக்கலாம். பாரத்தை ஓரளவு மறைக்கலாம். கேள்வியை அடக்குமா?

கேள்வி முதலில் எழுவது கட்வைலின் உள்ளத்திலேதான். ‘வெறுப்பின் யாத்திரிகன்’ எனப் பொருள்படும் பத்தாவது நாவல் (1984) 1141ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி நிகழும் திருவிழாவை மையமாகக் கொண்டது. புனிதை மடத்திற்கு வந்த நாளின் கொண்டாட்டம் அது. புனிதை வரவேயில்லை என்பதை அறிந்த மனிதர் அவ்விழாவில் எவ்வாறு கலந்துகொள்வார்? தம் நண்பனும் மாவட்ட அதிகாரியுமான ஹியூ பெறிங்காரிடம் அவர் மனத்தைத் திறக்கின்றார். தாம் செய்தது அவளுக்கு உவந்ததா, அவள் சினந்துள்ளாளா என்னும் ஐயம் அவரை அரிக்கின்றது. நான்காண்டுகளாக ஷ்ரூஸ்பரியிற் பெரும் அற்புதம் ஒன்றும் நிகழாமையே அதற்குச் சான்றோ என அஞ்சுகின்றார்.

அவ்விழாவிற்குப் பதினாறு வயதான றுன் என்னும் முடவன் வருகின்றான். வலியைத் தணிக்கக் கட்வைல் கொடுத்த மருந்தைக்கூட அவன் உட்கொள்ளவில்லை. கூட்டத்தின் முன்னிலையிலே ஊன்றுகோல்களைக் கீழே விட்டு, வளைந்த காலை ஊன்றி, பேழையை நோக்கி நடந்து செல்கின்றான். மர்ம நாவலின் இலக்கணப்படி இத்தகைய இடத்தில் ஒரு சூழ்ச்சி இருக்கவேண்டும். முதல் நாவலிற் கொலம்பானுசின் வலிப்பு அவ்வாறே சூழ்ச்சியாயிற்று. இங்கு இல்லை. காலைத் தம் கையாற் பரிசோதித்த மருத்துவரே சாட்சி. அற்புதம் அற்புதமாகவே நிற்கின்றது. எலும்பு இல்லாத பேழையின் முன்னே, கொலையாளியின் உடலுக்கு மேலே, நாற்காத தூரத்துக்கும் அப்பாலிருந்து அவள் கை நீட்டினாள் என்று கட்வைல் கொள்கின்றார்.

துப்பறியும் நாவலின் வாசகன் இதனை ஒரு குறையாகக் கொள்ளலாம். அறிவால் அனைத்தையும் விளக்குவேன் என்று வாக்களித்த இலக்கிய வகை, நடுவழியில் அவ்வாக்கைக் கைவிட்டதல்லவா? இக்குற்றச்சாட்டை முற்றாக மறுத்தல் இயலாது. ஆயினும் கருதற்பாலது ஒன்றுண்டு. உம்பேட்டோ எக்கோவின் ‘றோசாவின் பெயர்’ (1980) இதே காலத்தில் வெளிவந்த மடாலய மர்ம நாவல். 1327ஆம் ஆண்டில் இத்தாலியில் நிகழ்வது. அதில் துறவி வில்லியம் தம் சீடனிடம், திருமுழுக்கு யோவானின் பன்னிரண்டு வயதுத் தலையோட்டைத் தாம் ஓர் ஆலயத்திற் கண்டதாகக் கேலி பேசுகின்றார். அக்கேலிக்கும் பழைய வேர் உண்டு. யோவானின் தலை தம்மிடம் உள்ளதெனக் கொன்ஸ்தாந்தினோப்பிளும் பிரான்சின் மடமொன்றும் ஒருங்கே உரிமை கொண்டாடியதை, நோஜானின் கிபேட் என்னும் மடாதிபதி பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டித்து எழுதினார். ஆக, ஐயம் நம் காலத்தின் தனிச்சொத்தன்று. எக்கோ அவ்வையத்தோடு நிற்கின்றார். அவரின் அறிவு கூரியது, ஆனால் எலும்பின் முன் அழுபவனை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. எலிஸ் பீற்றர்ஸ் பொய்யான பேழை ஒன்றை உருவாக்கிய பின்னும், அதன்முன் அழுபவனின் கண்ணீரைப் பொய்யென்று சொல்ல மறுக்கின்றார். இரண்டையும் ஒருங்கே பிடித்திருப்பதே கடினம்.

1992இல் வெளியான ‘புனிதக் கள்வன்’ என்னும் நாவலிற் புதிர் உச்சத்தை அடைகின்றது. ஜெபிறி டி மண்டவில் என்னும் பிரபு கைப்பற்றிப் பாழாக்கிய றாம்சி மடத்தை மீளக் கட்டியெழுப்ப உதவி வேண்டி அதன் துறவிகள் ஷ்ரூஸ்பரிக்கு வருகின்றனர். அவர்களுள் இனிய குரல் படைத்த இளைஞன் துதிலோ, செவேர்ண் பெருக்கெடுத்த வெள்ளக் குழப்பத்தைப் பயன்படுத்திப் பேழையையே களவாடி அனுப்பிவிடுகின்றான். புனிதை தன்னை அவ்வாறு பணித்தாள் என்பது அவன் நியாயம். வழியிற் கள்வர் வண்டியை மறிக்க, பேழை லெஸ்ரர் பிரபுவின் நிலத்திற் போய்ச் சேர்கின்றது. என் நிலத்திற்கு அவள் தானே வந்தாள் என்கின்றார் பிரபு. மூன்று தரப்பினரும் ஒரே வாதத்தைக் கூறுகின்றனர்: அவள் விரும்பாவிடின் இது நிகழ்ந்திராது. வெனிஸ் வணிகரும் பாறி மாலுமிகளும் கூறிய அதே வாதம். அதனை மறுக்கவல்ல ஒரே மனிதர் கட்வைல். அவரோ வாய் திறக்க இயலாதவர். எங்கே ஒருவன் சான்று கேட்டுப் பேழையைத் திறந்துவிடுவானோ என்னும் அச்சத்தால் அவர் உறக்கமின்றித் தவிக்கும் பகுதிகள், கொலைக்கதையினும் இறுக்கமானவை. இறுதியில் நற்செய்தி நூலை விரித்துக் குறி கேட்கும் முறையால் வழக்குத் தீர்க்கப்படுகின்றது. பேழை ஷ்ரூஸ்பரிக்கே மீள்கின்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நகைச்சுவையாகச் செய்த ஒரு காரியத்தின் வட்டியை ஆசிரியர் தம் பாத்திரத்திடமிருந்து இவ்வாறு அறவிடுகின்றார்.

கட்வைல் பேழையின் முன் செபிக்கையில் வேல்ஸ் மொழியிலேயே பேசுகின்றார் என்பது சிறிய செய்திபோற் படலாம். இலத்தீனில் ஓதும் மடத்திலே, பிரெஞ்சு பேசும் பிரபுக்களுக்கும் ஆங்கிலம் பேசும் நகரத்தாருக்கும் இடையில், அவரும் அவளும் மட்டும் தாய்மொழியிற் பேசிக்கொள்கின்றனர். அவள் இங்கில்லை என்பதை அவர் அறிவார். எனினும் அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்பதும் வம்பளப்பதும் அங்கேதான். எல்லை கடந்து கொண்டுசெல்லப்பட்ட புனிதைக்கு அவ்வெல்லையை முன்னரே கடந்து வந்த மனிதர் ஒருவர் துணை.

வரலாறு நாவலுக்கு ஓர் எதிர்பாராத பின்னிணைப்பை எழுதியுள்ளது. குவிதெறினில் வினிபிறெட்டின் பேழை எனப்பட்ட பழைய மரப்பெட்டி ஒன்று, எலும்புகள் சென்ற பின்னரும் பல நூற்றாண்டுகள் இருந்தது. வீட்டின் வடிவில் உலோகத் தகடு பொதிந்த அப்பெட்டியை, எட்வேட் லூயிட் என்னும் அறிஞருக்காகப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த படம் எஞ்சியது, பெட்டி மறைந்தது. 1991இல் அதன் துண்டொன்று ஹொலிவெல்லிற் கண்டெடுக்கப்பட்டது. அது எட்டாம் நூற்றாண்டளவினது என்பது ஆய்வாளர் கருத்து. றொபேட் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே அவ்வூரார் அவளை வணங்கினர் என்பதற்கு, அவர்கள் எழுதி வைக்காத சான்றாக அம்மரத்துண்டு இருக்கின்றது. நாவலாசிரியர் அவ்வேளை கட்வைல் வரிசையின் இறுதி நூல்களில் ஈடுபட்டிருந்தார். அவர் 1995இல் மறைந்தார்.

ஷ்ரூஸ்பரித் தலம் 1540இல் அழிக்கப்பட்டபோது எலும்புகள் சிதறின. ஒரு விரலெலும்பு மட்டும் தப்பியது என்பது மரபு. அது உரோமாபுரி வரை சென்று, 1852இல் இங்கிலாந்துக்கு மீண்டு, ஷ்ரூஸ்பரிக்கும் ஹொலிவெல்லுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. யாத்திரிகர் இன்றும் ஹொலிவெல்லில் ஊற்றின் நீரில் இறங்குகின்றனர். திருப்பண்டத்தை முத்தி செய்கின்றனர். வரலாறு கூறுவது மெய்யாயின் அவ்விரல் வினிபிறெட்டினுடையது. நாவல் கூறுவது மெய்யாயின் அது கொலம்பானுசின் விரல். றிசியார்ட்டைக் குத்திய கையின் விரலாகவும் இருக்கலாம். எலிஸ் பீற்றர்சின் நாவல்களை ஒழுங்காகப் படித்த ஒருவர் அவ்வூற்றருகே நிற்க நேர்ந்தால் சற்றே தயங்குவார். றுன் தயங்கியிருக்க மாட்டான்.